மேற்படி பேய் நானே

தாம் காலமாகிவிட்ட செய்தி கஸ்பருக்குப் பல் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் தெரிய வந்தது.

கூடைமலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால், மலைத் தண்ணீர் பீலிக் குழாய் வழியே விழும் இடத்தில், வாயெல்லாம் நுரையோடு நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, நாலு கட்டில், ஓர் அலுமாரி நிறைய மருந்துச் சீசா. அத்தனைக்கும் அதிபதி டிஸ்பென்சர் கஸ்பர். தோட்டத்து ஆட்களுக்கு அவர் 'டொக்டர் ஐயா'.

நவம்பர் மாதத்துப் பனிமூட்டம் முற்றத்தை மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து மாயாண்டி வெளிப்பட்டான். ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைத்து, சீசா கழுவி, தபால் எடுத்துவரும் ஆள். பதினாறு வருஷமாக அவர் தோளோடு தோள் நின்று வேலை செய்தவன், அன்றைக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டான்.

"என்ன மாயாண்டி, அங்கேயே நிக்கிறே?"

"பேப்பர் வந்திருக்குங்கய்யா."

"கொண்டா இப்படி."

மாயாண்டி பத்திரிகையை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, இன்னும் பத்தடி பின்னால் போனான்.

ஹட்டனிலிருந்து வாரா வாரம் வருகிற 'சிகரதூதன்' அது. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"பேய் கொடுக்கும் மருந்து! தலவாக்கலைக்கு மேலுள்ள ஒரு தோட்டத்தில், இடது கைச் சுண்டுவிரல் பாதி இல்லாத டிஸ்பென்சர் ஒருவர் சென்ற ஒக்டோபர் மாதம் காலமானார். ஆயினும் நாள் தவறாமல் வேலைக்கு வருகிறார். தொழிலாளருக்கு மருந்து கொடுக்கிறார். மாதம் பிறந்தால் சம்பளமும் வாங்குகிறார். அவர் கையால் மருந்து குடித்தவர்களுக்கு மூன்று நாள் உடம்பு சில்லிட்டுப் போகிறது. அவருடைய கால்கள் தரையில் படுவதில்லை என்று கண்டவர்கள் சொல்கிறார்கள்."

கஸ்பர் தம் இடது கையைப் பார்த்தார். சிறு வயதில் தேயிலை ஸ்டோரில் இயந்திரத்துக்குள் போன சுண்டுவிரல், பாதிதான் மிச்சம். பிறகு, பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, தம் கால்களையும் பார்த்தார். ஈரத் தரையில் நன்றாகவே பதிந்திருந்தன.

"எவனோ வேலையத்தவன் எழுதியிருக்கான்" என்று வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

ஆனால் அன்று ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வழியில் கண்டவர்கள் "சலாங்கய்யா" என்று சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்ப்பதற்குப் பதிலாகக் காலைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி மறைந்தார்கள்.

சனிக்கிழமை வந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை சனிக்கிழமைக் காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வயிற்றுப் பூச்சிக்குப் பூச்சி எண்ணெய் கொடுப்பது கஸ்பர் ஏற்படுத்திய ஒழுங்கு. கொழுந்து எடுக்கிற பெண்கள், செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள் எல்லாரும் வரிசையில் நின்று வாயைத் திறக்க வேண்டும். அவர் ஊற்றுவார். தொண்டை அசைகிறதா என்று பார்ப்பார். விழுங்கியவருக்குத்தான் கணக்கப்பிள்ளை அன்றைக்குப் பேர் போடுவார். பேர் விழாவிட்டால் செய்த வேலைக்குக் கூலி இல்லை. மலையில் எத்தனை வயிறுகளைத் தாம் காப்பாற்றியிருக்கிறோம் என்று கஸ்பருக்கு அந்த எண்ணெயில் தனிப் பெருமை. அந்தச் சனிக்கிழமை இருநூறு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். பேய் ஊற்றும் எண்ணெயைக் குடிக்கச் சொல்ல முடியாது என்று கணக்கப்பிள்ளையும் எல்லாருக்கும் பேர் போட்டுவிட்டார். கஸ்பருக்கு நெஞ்சு வலித்தது.

கால் தரையில் படுகிறது என்று காட்டினால் போதும் என்று தோன்றியது. ஹட்டனுக்குப் போய் லாடம் அடித்த பூட்ஸ் ஒரு சோடி வாங்கி, போகிற இடமெல்லாம் டக், டக் என்று ஓங்கி மிதித்து நடந்தார். பனிமூட்டத்தில் ஆள் தெரியாது. சத்தம் மட்டும் வரும். முன்பு அவரைக் கண்டபிறகு பயந்தவர்கள், இப்போது அவர் வருவதற்குக் கால் மைல் முன்பே கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

டிசம்பர் பிறந்ததும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கூப்பிட்டனுப்பினார். துரை இங்கிலாந்திலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கற்ற தமிழைச் சிக்கனமாகச் செலவு செய்வார்.

"கஸ்பர், போன மாசம் எத்தனை நோயாளி?"

"ஒருத்தரும் வரலீங்க சேர். அது என்னன்னா..."

"நல்ல வேலை! நோய் இல்லே. நோய் இல்லேன்னா மருந்து ஏன்? மருந்து இல்லேன்னா நீ ஏன்?"

கஸ்பர் பத்திரிகையை நீட்டி எல்லாவற்றையும் சொன்னார். துரை முழுவதும் கேட்டுவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து அவர் பூட்ஸைப் பார்த்தார்.

"பெப்ரவரி முடியும் வரைக்கும் டைம். நீ பேய் இல்லேன்னு காயிதம் கொண்டா. இல்லேன்னா ஆஸ்பத்திரி மூடு, வீடு காலி."

தோட்டத்து வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். கஸ்பருக்கு வேறு வீடும் இல்லை, வேறு ஊரும் இல்லை. பிறந்தது அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். அங்கிருந்து படித்து மேலே வந்தவர். மறுநாளே ஹட்டனுக்கு பஸ் ஏறினார்.

'சிகரதூதன்' காரியாலயம் ஒரு புடவைக்கடையின் மாடியில் இருந்தது. ஆசிரியர், நிருபர், அச்சுக் கோர்ப்பவர் எல்லாம் அழகுமுத்து என்கிற ஒரே இளைஞர்தான்.

"வாங்க, உக்காருங்க. விளம்பரமா?"

"விளம்பரம் இல்லய்யா. நான் உசிரோட இருக்கேன்."

"சந்தோசங்க" என்று சொல்லிவிட்டு அழகுமுத்து அச்செழுத்தைப் பொறுக்கப் போனார்.

கஸ்பர் செய்தியைப் பிரித்துக் காட்டினார்.

"பாருங்க, இதுல பேரு போடல, தோட்டமும் போடல. யாரையும் புண்படுத்திறக் கூடாதுன்னு நாங்க ரொம்பக் கவனங்க. இது உங்களத்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

கஸ்பர் இடது கையை நீட்டினார். அழகுமுத்து விரலைப் பார்த்தார், காலைப் பார்த்தார், நாற்காலியோடு சுவர் வரைக்கும் பின்னால் போனார்.

"அப்ப... அது நீங்கதானுங்களா?"

"யாரு எழுதினது இதை?"

"பேரில்லாத காயிதங்க. தபால்ல வந்துச்சு."

"விசாரிக்காமப் போடுறதா?"

"விசாரிக்கணும்னா நான் அங்க வரணும். பேய் இருக்கிற தோட்டத்துக்கு நான் எப்படிங்க வர்றது?" என்றார் அழகுமுத்து நியாயமாக. "ஒண்ணு செய்யுங்க. மறுப்பு எழுதிக் கொடுங்க. ஒரு வார்த்தை மாத்தாம அச்சடிக்கிறேன்."

அங்கேயே உட்கார்ந்து நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. ஆனால் கஸ்பர் எதையும் ஆஸ்பத்திரித் தாளில் எழுதி, முத்திரை குத்தி அனுப்புகிற மனிதர். வீட்டுக்கு வந்து, தாம் நலமாக இருப்பதாகவும், சென்ற ஒக்டோபரில் காலமாகவில்லை என்றும், மரியாதையான தமிழில் எழுதி, உறையை ஒட்டி, மாயாண்டியிடம் கொடுத்துத் தபால் கந்தோருக்கு அனுப்பினார்.

அடுத்த வாரம் பத்திரிகை வந்தது.

"திருத்தம். கூடைமலைத் தோட்டத்து டிஸ்பென்சர் திரு. கஸ்பர் சென்ற ஒக்டோபர் மாதம் காலமானதாக எமது பத்திரிகையில் வெளிவந்தது தவறு. வரும் பெப்ரவரி மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலமாவார் என்று திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்."

கஸ்பர் அதை மூன்று தரம் வாசித்தார். மூன்றாம் தரம் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்.

அடுத்த பஸ்ஸில் ஹட்டனுக்கு ஓடினார். அழகுமுத்து அவரைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நீங்க அனுப்பினதைத்தாங்க போட்டேன். ஆஸ்பத்திரித் தாளு, ஆஸ்பத்திரி முத்திரை."

"நான் செத்துப்போவேன்னு நானே எழுதுவேனாய்யா?"

"நானும் அப்படித்தான் யோசிச்சேன். அப்புறம், ஒக்டோபர்ன்னதுக்கே இவ்வளவு கோவிச்சுக்கிட்டாரே, சரியான தேதி தெரிஞ்சவராத்தான் இருக்கணும்னு நெனச்சேங்க."

"அந்தக் காயிதத்தைக் காட்டு."

"அச்சடிச்சாப் பெறகு வைக்கிறதில்லீங்க. அடுப்புக்குப் போயிரும்."

எவனோ உறையைப் பிரித்துத் தாளை மாற்றியிருக்கிறான், முதல் செய்தியை எழுதியவனேதான் இதையும் எழுதியிருக்கிறான் என்று கஸ்பர் முடிவு கட்டினார். முடிவு கட்டியபிறகும் முதுகில் ஏறிய குளிர் இறங்கவில்லை.

வீட்டில் மனைவி சிசிலி செய்தியை வாசித்துவிட்டு அமைதியாக விரல்விட்டு எண்ணினாள். ஒன்பது மாதம் தொடர்ந்து மாதா கோயிலில் முதல் வெள்ளிக்கிழமைப் பூசை கண்டு நற்கருணை வாங்கியவருக்கு நல்ல மரணம் கிடைக்கும் என்பது அவளுடைய உறுதியான நம்பிக்கை.

"உங்களுக்கு ஏழு முதல் வெள்ளி முடிஞ்சிருக்கு. ஜனவரியோட எட்டு. பெப்ரவரியில ஒன்பது. கணக்கு சரியா வருதுங்க."

"எதுக்குச் சரியா வருது?"

"காலையில பூசை பாத்துருங்க. அதுக்கப்புறம்..."

"அதுக்கப்புறம் என்ன சிசிலி?"

"ஒண்ணுமில்ல. தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

இனி கோர்ட்டுதான் கதி என்று கஸ்பர் தீர்மானித்தார். ஹட்டனில் புரொக்டர் விசுவலிங்கம் என்று யாழ்ப்பாணத்து வக்கீல் ஒருவர் இருந்தார். வழக்கென்று வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவர் என்று பெயர்.

"இரும். என்ன விசயம்? ஆர் செத்தது?"

"நான்தாங்க."

"எப்ப?"

"பெப்ரவரியிலங்க."

"அப்ப நேரம் கிடக்கு. ஆறுதலாச் சொல்லும்."

கஸ்பர் சொல்லி முடித்ததும் புரொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செத்திட்டார் எண்டு எழுதினால் அது அவதூறு இல்லை. சாகப்போறார் எண்டு எழுதினாலும் இல்லை. ஆர்தான் சாகாமல் இருக்கிறது? ஆனா இஞ்ச பாரும், 'மாதம் பிறந்தால் சம்பளமும் வாங்குகிறார்' எண்டு எழுதிப்போட்டான். செத்தபிறகு சம்பளம் வாங்கிறது மோசடி. உம்மை மோசடிக்காரன் எண்டு சொல்லிப்போட்டான். இதில பிடிக்கலாம்!"

கஸ்பருக்கு உயிர் வந்தது.

"ஒரு சிக்கல்தான். முதல் செய்தியில உம்மட பேர் இல்லை. அந்தப் பேய் நீர்தான் எண்டு நாங்கள்தான் கோட்டில காட்டவேணும்."

"நான் பேயில்லன்னு சொல்லத்தாங்க வழக்கே போடுறேன்."

"அது பிறகு. முதல்ல அது நீர்தான். பிறகுதான் அது பொய்."

இப்படியாக மனு தயாராயிற்று. அதன் நாலாவது பந்தியில், "மேற்படி செய்தியில் பேய் எனக் குறிக்கப்பட்டவர் வாதியாகிய கஸ்பரே என வாதி பணிவுடன் எடுத்துரைக்கிறார்" என்று எழுதியிருந்தது. கஸ்பர் பணிவுடன் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரச் 'சிகரதூதன்' முதல் பக்கம் முழுவதும் ஒரே செய்திதான்: "மேற்படி பேய் நானே! கோர்ட்டில் டிஸ்பென்சர் ஒப்புதல்."

"இதுக்கும் ஒரு வழக்குப் போடுங்க!" என்று கஸ்பர் கத்தினார்.

"அதுக்கு ஏலாது. கோட்டில தாக்கல் செய்ததைத்தானே போட்டிருக்கிறான். பிழை இல்லாமல் போட்டிருக்கிறான், நல்ல பெடியன்" என்றார் புரொக்டர்.

அதற்குப் பிறகு நிலைமை கட்டுமீறிப் போனது. உடப்புசல்லாவையிலிருந்தெல்லாம் ஆட்கள் லொறி பிடித்து வந்து, ஆஸ்பத்திரிக்கு எதிர்மேட்டில் நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் இருக்கும். ஒரு நாள் கருங்கோழியே கட்டிப் போட்டிருந்தது. சிசிலி அதைக் குழம்பு வைத்தாள். தோட்டத்துத் தச்சன் ஒருநாள் எதிர்ப்பட்டு, தூரத்திலிருந்தே, "ஐயா உசரம் அஞ்சரை அடி இருக்குங்களா?" என்று மரியாதையாகக் கேட்டான்.

புரொக்டர் சாட்சி கேட்டார். செய்தியைப் படித்துக் கஸ்பர்தான் என்று நினைத்ததாகவும், அன்று முதல் அவரைக் கண்டு பயப்படுவதாகவும் யாராவது சொல்ல வேண்டும். ஒரு மாலை கஸ்பர் லயத்துக்குப் போனார். டக், டக் என்று பூட்ஸ் சத்தம் கேட்டதும் இருபது கதவும் வரிசையாக மூடிக்கொண்டன. கொழுந்துக்காரி ராக்காயியின் கதவு மட்டும் முழுதும் மூடுமுன் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பத்துப் பேருக்குப் பேசக்கூடிய பெண் அவள்.

"ராக்காயி, என்னைக் கண்டா பயமா இருக்குன்னு கோர்ட்டுல வந்து சொல்லுவியா?"

"ஐயோ, பயமெல்லாம் இல்லீங்கய்யா" என்றாள் அவள் கதவிடுக்கு வழியாக.

"அப்படிச் சொன்னா வழக்கு தோத்துருமே!"

"அப்ப பயமா இருக்குங்க."

"நெசமாவே பயமா இருக்கா?"

"ஐயாவுக்கு எது தோதோ அப்படியே வச்சிக்கிருவோங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கஸ்பர் திரும்பி நடந்தார். லயத்தில் ஒரு பிள்ளை அழவில்லை, ஒரு நாய் குரைக்கவில்லை. பிறந்து வளர்ந்த இடத்தில் தம்மோடு ஒரு வார்த்தை பேச ஆளில்லை என்பது அவருக்குத் தாங்கவில்லை. ஜனவரி முழுவதும் வெறும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார். பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, நாலு கட்டில்களையும் சுற்றிவிட்டு, வெளியே போனது. ஒரு நாள் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மார்பில் வைத்துப் பார்க்கும் குழாயை எடுத்துத் தம் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. இடம் மாற்றி வைத்தார். இல்லை. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது.

வாசலில் நின்ற மாயாண்டி தொண்டையைக் கனைத்தான்.

"ஐயா, குழாயக் காதுல மாட்டலீங்களே."

மாட்டிக் கேட்டபோது நெஞ்சு அடித்தது. கொஞ்சம் அதிகமாகவே அடித்தது.

வழக்கு விசாரணைக்கு வந்தது பெப்ரவரி முதல் வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள், வியாழக்கிழமை. கோர்ட்டு கொள்ளாத கூட்டம். கஸ்பர் கூண்டில் ஏறியதும் முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டி அவர் காலைப் பார்த்தார்கள். நீதவானும் பார்த்ததாகத்தான் கஸ்பருக்குப் பட்டது.

ராக்காயி சாட்சி சொன்னாள். பத்திரிகைக்காரர் தரப்பு வக்கீல் எழுந்தார்.

"வாதியைக் கண்டால் உனக்குப் பயமா?"

"பயந்தாங்க."

"ஏன் பயம்?"

"அதான் பேப்பர்ல போட்டிருக்காங்களே."

"அதோ நிற்கிறாரே, அவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தானுங்களே நாம எல்லாரும் இங்க வந்திருக்கோம்."

கோர்ட்டே சிரித்தது. கஸ்பர் மட்டும் சிரிக்கவில்லை. நீதவான் மேசையைத் தட்டினார். இரண்டு செய்தியையும் அருகருகே வைத்து நெடுநேரம் யோசித்தார்.

"வாதி நாளை இறந்துபோனால் திருத்தம் உண்மையாகிவிடும். உண்மையை வெளியிட்ட பத்திரிகையைத் தண்டிக்க முடியாது. இறக்காவிட்டால் இரண்டும் பொய். இன்னும் ஒரே நாளில் தெரிந்துவிடப் போகிற விஷயத்துக்கு இந்தக் கோர்ட்டு அவசரப்பட வேண்டியதில்லை. வழக்கைத் திங்கட்கிழமைக்கு ஒத்தி வைக்கிறேன்."

வெளியே வந்ததும் புரொக்டர் கஸ்பரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வெண்டிட்டம்! இனி நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு உயிரோட வாரும், அது காணும். அண்டைக்கே தீர்ப்பு. அதைக் கொண்டுபோய் உம்மட துரையிட்டக் குடும்."

"வர முடியாமப் போயிட்டா?"

"வராட்டி வழக்குச் செலவு உம்மட பக்கம் விழும்" என்றார் புரொக்டர் கவலையோடு.

கஸ்பர் தலவாக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மலை ஏறியபோது மணி நாலு. மூட்டம் இறங்கியிருந்தது. மூன்று நாள், மூன்றே நாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரி முடக்கில் திரும்பியதும் நின்றுவிட்டார்.

தோட்டமே அங்கே கூடியிருந்தது. லொறியில் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்த ராக்காயி, பனிக்குத் தலையில் போர்த்திய கொங்காணியோடு பெண்கள், தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்ட ஆண்கள், எல்லாருக்கும் முன்னால் மாயாண்டி. இருநூறு பேர் மூட்டத்துக்குள் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். ஒரு நாள் முந்தியே துக்கத்துக்கு வந்துவிட்டார்கள் என்றுதான் கஸ்பர் நினைத்தார்.

ராக்காயி ஓடி வந்து அவர் காலில் விழுந்து இரண்டு பூட்ஸையும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் முதல் முறையாகத் தோட்டத்து ஆள் ஒருவரின் கை அவரைத் தொட்டது.

"எங்கள மன்னிச்சிருங்கய்யா! பாவி மக்க நாங்கதான் எழுதிப் போட்டோம்!"

"எதை?"

"பேய்னு பேப்பர்ல வந்துச்சே, அதைத்தாங்க. டவுன்ல பெட்டிசன் எழுதுறவருகிட்டச் சொல்லி எழுதிப் போட்டோம். உங்க மேல பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பூச்சி எண்ணெய்தாங்க! குடிச்சா மூணு நாளைக்குத் தலைய நிமித்த முடியல. குடிக்காட்டிப் பேரு விழாது. வேற என்னங்க செய்யிறது? செத்தவரு கையால குடிக்க மாட்டோம்னா கணக்கப்பிள்ளை வற்புறுத்த மாட்டாருன்னு இவுகதான் யோசன சொன்னாக."

'இவுக' என்று அவள் காட்டியது மாயாண்டியை. மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?" என்றார் கஸ்பர்.

"ஆஸ்பத்திரிய மூடிட்டா நாங்க கீழ்த்தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமாங்கய்யா. அங்க எல்லா வியாதிக்கும் ஊசிதானாம். இம்மாம் பெரிய ஊசியாம்!" என்று ராக்காயி முழங்கையைக் காட்டினாள். "நாளைக்கே எல்லாருமாப் போயித் தொரைகிட்டச் சொல்லிடுறோம். நீங்க எங்களுக்கு வேணுங்க."

கஸ்பர் அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி வந்தது. நிறுத்த முடியவில்லை. சிரிப்போடு கண்ணீரும் வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. மூன்று மாதமாகச் சவம் மாதிரி நடந்தவருக்கு, பேயும் இல்லை பிசாசும் இல்லை, வெறும் பூச்சி எண்ணெய்க்குப் பயந்தவர்களின் வேலைதான் என்று தெரிந்தபோது, உடம்பே காற்றாகிவிட்டது. கூட்டமும் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தது. "சலாங்கய்யா" என்றது ஒரு குரல். அப்புறம் அங்கங்கே "சலாங்கய்யா, சலாங்கய்யா" என்று இருநூறு பேரும் சொன்னார்கள். அந்தச் சத்தம் அவர் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

"சரி, சரி. இனிமே அரைக் கரண்டிதான். அதுலயும் சீனி போட்டுத் தர்றேன்" என்றார்.

பிறகு மாயாண்டியின் தோளில் உரிமையோடு ஓங்கி ஒரு அடி போட்டார்.

"ஏன்டா திருட்டுப் பயலே, என் உறையைப் பிரிச்சு, நான் நாளைக்குச் சாவேன்னு தேதி போட்டு எழுதி வச்சியே, அதுதான்டா பெரிய கெட்டிக்காரத்தனம்! ரெண்டு மாசம் நான் தூங்கலடா!"

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ராக்காயி பூட்ஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மாயாண்டி முகம் வெளுத்துப்போய் அவரைப் பார்த்தான்.

"உங்க உறைய நான் பிரிக்கவே இல்லீங்கய்யா, நாங்க எழுதிப் போட்டது அந்த மொதச் சேதி மட்டுந்தான்."